காற்றுக்குக் காத்திருந்த பகல்



கயத்தாறு என்றவுடன் உங்களுள் பலருக்கு வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். நெடுஞ்சாலையில் பேருந்தில் சென்றவர்களுக்கு இருபுறமும் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் நினைவுக்கு வரும். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கயத்தாறு என்றால் காற்றுத்தான். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று, கரிசல் காட்டுப் புழுதியை வாரிக்கொண்டு வந்து வீட்டு முற்றத்தில் கொட்டும். மதரஸாவில் பிள்ளைகளின் ஏடுகள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு கல்லை மேலே வைத்துத்தான் பாடம் நடத்துவோம். தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் நிலையத்தை எங்கள் ஊரில் அமைத்திருப்பதே இக்காற்றின் பெருமைக்குச் சான்று.

இத்தகைய ஊரில் வாழ்பவனுக்குக் காற்றைப் பற்றிப் புதிதாக அறிய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் காற்று கேளாமலே வருவது. வந்தால் கதவை அறைந்து சாத்துவது. அதற்காகக் காத்திருக்கும் நிலை எங்களுக்கு ஏற்படுவதில்லை. காற்றுக்காகக் காத்திருப்பது எப்படி, அந்தக் காத்திருப்பு மனிதனுக்கு எதைக் கற்றுக் கொடுக்கிறது என்பதை நான் அறிந்துகொண்டது கடலில், ஒரு சிறிய வள்ளத்தில், ஒரு பகற்பொழுதில். அந்தப் பகலில் கண்டதையும் கேட்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரிசலும் கடலும்

எங்கள் ஊரிலிருந்து கடல் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தூரம்தான். ஆயினும் கரிசல் காட்டு மனிதனுக்குக் கடல் அயல் நாடு போன்றது. வானம் பார்த்த பூமியில் கம்பும் உளுந்தும் பருத்தியும் விதைத்து, மழைக்குக் கையேந்தி நிற்பவன் அவன். தண்ணீர் என்பது அவனுக்குக் குடத்தால் அளந்து செலவிடும் பொருள். எல்லையின்றித் தண்ணீர் கிடக்கும் இடத்தை அவன் எப்படிக் கற்பனை செய்வான்?

இருப்பினும் இரண்டுக்கும் பழைய உறவு உண்டு. இந்தக் கரிசலில் விளைந்த பருத்தி, திருநெல்வேலிப் பருத்தி என்னும் பெயரோடு தூத்துக்குடி வழியாகவே வெளிநாடுகளுக்குச் சென்றது. அந்நாளில் கரையோரம் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் வெகு தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பாய்மரத் தோணிகளே பருத்திப் பொதிகளைக் கப்பல் வரை சுமந்து சென்றன.

அதற்கும் முன்னர் நடந்ததொன்றையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். எட்டயபுரம் அரண்மனைப் புலவராக விளங்கிய உமறுப்புலவர், நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாட விரும்பினார். அந்த ஆசைக்கு ஆதரவு தந்தவர், கடல் வணிகத்தில் புகழ் பெற்ற கீழக்கரைச் செல்வந்தர் சீதக்காதி வள்ளல். கரிசல் மண்ணின் புலமைக்குக் கடற்கரையின் கொடை துணை நின்றதனாலேயே சீறாப்புராணம் என்னும் செல்வம் நமக்குக் கிடைத்தது. புலவர் பெருமான் அடங்கியிருப்பதோ எட்டயபுரத்தில், எங்கள் கரிசலில்.

2024ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில், மதரஸாவுக்கு ஷஅபான் விடுமுறை விட்டிருந்த நாட்களில், நானும் ஏறத்தாழ அந்தத் திசையிலேயே சென்றேன். எட்டயபுரம், விளாத்திகுளம் கடந்து வேம்பாரில் கடற்கரைச் சாலையைப் பிடித்து, சாயல்குடி, ஏர்வாடி வழியாகக் கீழக்கரை சேர்ந்தேன். எங்கள் ஊரிலிருந்து அங்கே குடியேறிவிட்ட உறவினர் ஒருவர் இல்லத் திருமணம். திருமணம் முடிந்த மறுநாள், அவருடைய அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஹஜரத்து கடல்ல போனதே இல்லையாமே? நாளைக்கு சுப்ஹு தொழுதுட்டு வாங்க" என்று அழைத்தார். எழுபதைக் கடந்தவர். இளமையில் சங்கு குளித்தவர். அவருடைய பேரன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், எங்களுக்குத் துணை வந்தான்.

பாய் விரித்த வள்ளம்

இக்காலத்தில் கடலுக்குச் செல்லும் வள்ளங்களில் பெரும்பாலானவை இயந்திரம் பொருத்தியவை. பெரியவரின் வள்ளத்திலும் சிறிய இயந்திரம் ஒன்று உண்டு. ஆனால் பல முறை ஒட்டுப் போட்டுத் தைத்த ஒரு பாயையும் அவர் விடாமல் வைத்திருக்கிறார். எண்ணெய் விற்கும் விலைக்கு இதுவே தமக்குக் கட்டுபடியாகும் என்றார். அது ஒரு காரணம்தான், முழுக் காரணம் அன்று என்பது பாயை அவர் தொட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்தது.

"பிஸ்மில்லாஹ்" சொல்லி வள்ளத்தைத் தள்ளினோம். பருமலில் கட்டிய பாய் மேலே ஏறியது. ஏறியவுடன் வள்ளம் பாய்ந்து செல்லும் என்று எதிர்பார்த்த எனக்கு வியப்பே மிஞ்சியது. ஓர் ஆள் கரையில் நடந்து வந்தால் எங்களைத் தாண்டிப் போய்விடுவார். அவ்வளவு மெதுவான ஓட்டம். நீர் வள்ளத்தின் வயிற்றில் உரசும் ஒலியைத் தவிர வேறு ஓசை இல்லை. பின்புறம் ஊரின் மினாராக்களும் தென்னைகளும் சிறுகச் சிறுகத் தாழ்ந்தன. பேசினால் மெதுவாகப் பேச வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தோன்றியது.

பெரியவர் சுக்கானைப் பிடித்தபடி காற்றின் பாடத்தைத் தொடங்கினார். இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடும். கடல் அவ்வளவு விரைவில் குளிர்வதில்லை. ஆகவே விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அது வள்ளத்தை வெளியே கொண்டு செல்லும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகிவிடும். அப்போது காற்று திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வீசும். அது வள்ளத்தை வீட்டுக்குக் கொண்டு வரும். போவதற்கு ஒரு காற்று, வருவதற்கு ஒரு காற்று. பாய்மரக் காலத்து மீனவரின் ஒரு நாள் இந்த இரண்டு காற்றுகளுக்கு இடையில் அமைந்திருந்தது. புத்தகத்தில் படித்த செய்திதான். ஆனால் காலைக் காற்றின் குளிர்ச்சி முதுகில் படும்போது, படைத்தவனின் ஏற்பாட்டில் எளியவனுக்கென்று எவ்வளவு நுணுக்கமான கருணை இருக்கிறது என்பதை உணர்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என நான்கு திசைக் காற்றுகளையும் அவர் உறவினர்களைப் போல அறிமுகம் செய்தார். எங்கள் காற்றாலைகளைச் சுழற்றும் அந்த ஆடிக் காற்றுத்தான் இங்கே கச்சான். எங்களுக்கு மின்சாரம் தரும் அந்த மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளித்து, சிறு வள்ளங்களைக் கரையிலேயே கட்டிப் போட்டுவிடும். ஒரே காற்று ஓர் ஊருக்கு வருமானம், மற்றோர் ஊருக்கு வேலையில்லாக் காலம். இதை இத்தனை ஆண்டுகள் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பெயர்கள் சொல்லும் கதை

மூன்று மணி நேரம் சென்றிருக்கும். நீரின் நிறம் மாறியது. கரும்பச்சை வெளிர்ந்து, கண்ணாடி போலாகி, அடியில் மணலும் கடற்புல்லும் தெரிந்தன. எதிரே தாழ்வான ஒரு பசுங்கோடு. அதன் ஓரத்தில் வெள்ளை விளிம்பு. அதுதான் அப்பா தீவு என்றார்கள்.

எங்கள் பக்கம் தந்தையை 'அத்தா' என்போம். கீழக்கரையில் தந்தை 'வாப்பா', பாட்டனார்தான் 'அப்பா'. "தீவுக்கும் எங்க அப்பா பேருதான்" என்று சிறுவன் பாட்டனாரைக் காட்டிச் சிரித்தான்.

தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடி வரை நம் கரைக்கு இணையாக 21 தீவுகள் எண்ணப்பட்டுள்ளன. கரையிலிருந்து சராசரியாக எட்டு கிலோமீட்டர் தொலைவில், ஒன்றன்பின் ஒன்றாக, மதில் கட்டியதுபோல் அவை அமைந்திருக்கின்றன. மனிதர் குடியிருப்பில்லாத சிறு தீவுகள். பவளப்பூச்சிகள் கட்டிய பார்களின் மேல் மணலும் பவளச் சல்லியும் சேர்ந்து உண்டானவை. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் இதனைச் சூழ்ந்த பெரும்பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அனுமதியின்றித் தீவில் கால் வைக்கக் கூடாது. ஆகவே நாங்கள் விலகியே சென்றோம். பார் மீது நங்கூரம் விழுந்தால் நூறாண்டு வளர்ச்சி ஒரு நொடியில் உடையும் என்று சொல்லி, பெரியவர் நங்கூரத்தைத் தொடவே இல்லை.

செல்லும் வழியில் தீவுகளின் பெயர்களைப் பேரனிடம் கேட்டு, அவன் தடுமாறிய இடங்களில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, ஆனைப்பார், வாலிமுனை, தலையாரி, வாலை, முள்ளி, முயல், மனோலி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை... கரிசல்காரனாகிய எனக்கு முதல் இரண்டு பெயர்களிலேயே மனம் நின்றுவிட்டது. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். எங்கள் ஊரில் கிணறுகளுக்குத்தான் இப்படிப் பெயர் சொல்வோம். நடுக்கடலில் தீவுகளுக்கு இந்தப் பெயர்களை யார் வைத்திருப்பார்கள்? காற்று விழுந்து வழியில் மாட்டிக்கொண்டு, நாவறண்டு, கரையேறி மணலைத் தோண்டிக் குடித்துப் பார்த்தவன்தானே வைத்திருக்க வேண்டும்! பின்னால் வருகிற எவனோ ஒரு முகமறியா மாலுமிக்கு, 'இங்கே குடிக்கலாம், அங்கே குடிக்காதே' என்று சொல்லி வைத்த செய்தி அது. பெயர் என்பது அங்கே ஒரு தருமம்.

இந்த எண்ணம் தோன்றியபின் மற்றப் பெயர்களும் பேசத் தொடங்கின. முள்ளி என்பதில் செடி இருக்கிறது. முயல் தீவு என்பதில் விலங்கு இருக்கிறது. ஆனைப்பார் என்பதில் நீருக்கடியில் கிடக்கும் பார் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. இந்தக் கடலில் அந்த எச்சரிக்கை விளையாட்டன்று. 14ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து மஅபர் கரைக்கு வந்த உலகப் பயணி இப்னு பதூதாவின் கப்பல், காற்றின் வேகத்தில் ஆழமற்ற பகுதியில் சிக்கி, அவர் உயிர் தப்பியதே பெரிதாயிற்று. மெதுவாகச் செல்பவனுக்குத்தான் ஒவ்வோர் இடமும் தனித்தனியே தெரியும். தெரிந்தால்தான் பெயர் வைக்க முடியும். விசைப்படகில் விரைந்து செல்பவனுக்கு இந்த 21உம் சேர்ந்து 'தீவுகள்' என்னும் ஒரே சொல்லாகிவிடும்.

காற்று விழுந்த வேளை

அப்பா தீவை இடப்புறம் விட்டு மேற்கே திரும்பினோம். பதினொரு மணி அளவில் பாய் தளர்ந்து தொங்கிற்று. காலைக் காற்று முடிந்துவிட்டது. பகற்காற்று இன்னும் பிறக்கவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் மழுங்கிக் கிடந்தது. நீரோட்டத்தை அங்கே 'நீவாடு' என்கிறார்கள். அதுகூட அன்று அசையவில்லை போலும். இயந்திரத்தை ஏன் இயக்கவில்லை என்று கேட்டேன்.

"காத்து நம்ம கூலியாள் இல்ல ஹஜரத்து, கூப்பிட்ட உடனே வர்றதுக்கு. அது வரும். இருங்க."

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அப்படியே இருந்தோம். முதல் அரை மணி எனக்குப் பெரும் சோதனை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கரையைப் பார்ப்பதுமாக இருந்தேன். பிறகு பார்ப்பதற்கு அருகிலேயே எவ்வளவோ இருப்பது தெரிந்தது. ஆலாப் பறவைகள் இரண்டு, நீரை உற்றுப் பார்த்து அந்தரத்தில் நின்று, கல் விழுவதுபோல் விழுந்து மீனோடு எழுந்தன. அடியில் கடற்புல் படுகை, எங்கள் ஊர்ப் பயிர்போல் ஒரே திசையில் சாய்ந்து நின்றது. கடற்பசுவுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம். 'ஆவுளியா' என்று அந்த விலங்கை அங்கே சொல்கிறார்கள். தாம் சிறு பிராயத்தில் பார்த்ததாகப் பெரியவர் சொன்னார். பேரன் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் கரிசலில் புழுதி விதைப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் விதையை இட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது சூதாட்டம்போல் தோன்றும். விதைத்தவனோ தன் கடமையை முடித்துவிட்டு, தன் கையில் இல்லாததை உரியவனிடம் ஒப்படைத்து நிற்கிறான். பாயை ஏற்றி, கயிற்றைச் சரிபார்த்து, சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரும் அதே விவசாயியாகவே எனக்குக் காட்சியளித்தார். இதைச் சோம்பல் என்று சொல்ல இயலுமா? தவக்கல் என்பதற்கு மதரஸாவில் நான் சொல்லும் விளக்கத்தைக் காட்டிலும் அந்தத் தோற்றம் தெளிவாக இருந்தது.

திருமறையின் அஷ்ஷூரா அத்தியாயத்தில் காற்றும் கப்பலும் பற்றி வரும் பகுதியை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். அவ்விடத்தில் பொறுமையும் நன்றியும் ஏன் சேர்த்துக் கூறப்படுகின்றன என்பது, காற்று நின்ற கடலில் இருக்கும்போது விளக்கம் தேவைப்படாமலே விளங்கிற்று. காற்று இல்லாத வேளைக்குப் பொறுமை. வந்த வேளைக்கு நன்றி. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவனே கடலில் பிழைப்பான்.

லுஹர் நேரம் வந்தது. கப்பலில் தொழுவது பற்றிய சட்டங்களைப் பிக்ஹுப் பாடத்தில் ஆண்டுதோறும் நடத்தி வருபவன் நான். கடலில் தொழுதது அன்றுதான். எழுந்து நின்றால் வள்ளம் சாயும் என்பதால் உட்கார்ந்தே தொழுதோம். கிப்லாவைக் கணிக்கப் பெரியவருக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. வடக்கே புள்ளியாகத் தெரிந்த மினாராவையும் உச்சி சாய்ந்த நிழலையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

பூவரசன்பட்டி எங்கே?

தொழுது முடித்து, கொண்டு சென்றிருந்த சோற்றைப் பிரித்தபோது, "இப்ப நாம எங்க இருக்கோம் தெரியுமா?" என்று பேரனைக் கேட்டார். அவன் சுற்றிலும் பார்த்தான். நாலா பக்கமும் நீர். "கடல்ல" என்றான்.

"பூவரசன்பட்டி பக்கத்துல இருக்கோம்."

வாசகர்களே, பூவரசன்பட்டி என்பது ஓர் ஊரின் பெயரன்று. 21 தீவுகளில் ஒன்றின் பெயர். மிகச் சிறிய தீவு. அது இப்போது நீருக்கு அடியில் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்த விலாங்குச்சல்லித் தீவும் அவ்வாறே மூழ்கிவிட்டது. தம் வாப்பா வள்ளத்தை நிறுத்தி, ஈரப்பாயை மணலில் விரித்துக் காயவைத்த இடம் இது என்று பெரியவர் சொன்னார். அந்த மணலில் தாம் ஓடியதைச் சொன்னார். சொல்லிவிட்டு நீரைக் காட்டினார். வெளிறிய ஒரு திட்டு அடியில் தெரிவதுபோல் எனக்குத் தோன்றிற்று.

தீவு எப்படி மூழ்கும்? பவளப்பார் உயிருள்ளது. அலை வந்து மோதும்போது தான் அடி வாங்கிக்கொண்டு, பின்னால் இருக்கும் மணல் திட்டைக் காப்பாற்றுகிறது. அந்தப் பாரையே கல் கல்லாகப் பெயர்த்து எடுத்தோம். பல ஆண்டுகள் தூத்துக்குடி, மண்டபம் பகுதிகளில் பவளக்கல் வள்ளம் வள்ளமாகக் கரை சேர்ந்தது. கடற்கரை ஊர்களின் வீடுகளுக்குச் சுவராயிற்று, சுண்ணாம்புக் காளவாய்களில் வெந்தது, தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருளாயிற்று. கல்லெடுத்தவர்கள் அன்றாடக் கூலிக்கு மூழ்கிய ஏழைகள். அவர்களைக் குறை கூறி நாம் தப்பிக்க இயலாது. வெள்ளைச் சுவர் வேண்டும் என்று விரும்பியவர்கள் கரையில் இருந்தோர் அல்லவா? பார் போனதும் அலைக்குத் தடையில்லை. மணல் கரைந்தது. தீவு போயிற்று.

2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உயரிய பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்குப் பின்னரும் சில காலம் நடந்த கல்லெடுப்பு 2005 அளவில் ஓய்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இலங்கையின் மறைவில் இருந்ததால் இந்தக் கரை பெருமளவு தப்பியது. தீவுகளும் பார்களும் இயன்ற அளவு அலையின் வேகத்தைத் தணித்தன என்றும் ஆய்வாளர் கூறினர். மதிலின் அருமை அன்று பலருக்கும் புரிந்தது. ஆயினும் சோதனை முடியவில்லை. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகி, 2010இலும் 2016இலும் பவளங்கள் பெருமளவில் வெளிறின. தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவு 1986இல் 16 ஹெக்டேராக இருந்தது. 2014 அளவில் இரண்டு ஹெக்டேருக்குச் சுருங்கிற்று. அதன் முன்னால் செயற்கைப் பார் அமைப்புகளைக் கடலில் இறக்கிய பின்னரே கரைவு தணிந்தது. படைத்தவன் இலவசமாகத் தந்திருந்த மதிலை உடைத்துவிட்டு, பெரும் பொருட்செலவில் சிமெண்டால் அதை மீண்டும் கட்ட வேண்டிய நிலைக்கு மனிதன் வந்திருக்கிறான்.

பூமி நம் கையில் தரப்பட்ட அமானத் என்று ஜும்ஆ மேடைகளில் கேட்கிறோம். அமானத்தாக வாங்கிய பொருளைத் திருப்பித் தரும்போது குறைந்திருக்கக் கூடாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். 21 என்று எண்ணிய கணக்கில் இரண்டு குறைந்துவிட்டன. இந்தப் பெரியவரின் வாப்பா கண்டது 21. பேரன் காணப்போவது எத்தனை?

பெயரைக் கற்பிப்போம்

ஒன்றரை மணிக்குச் சற்று முன்னதாக, தென்கிழக்கே நீரின் மேல் கருமையாக ஒரு சுருக்கம் விழுந்தது. சிறுவன்தான் முதலில் கண்டான். "அப்பா, காத்து!" என்று கூவினான். அது மெல்ல நகர்ந்து எங்களை வந்தடைந்தது. தொங்கிக் கிடந்த பாய் ஒருமுறை நடுங்கி, பின் நிறைந்தது. பெரியவர் தாமும் ஒருமுறை "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, சுக்கானைப் பேரனின் கையில் கொடுத்தார். அஸருக்கு முன் கரை சேர்ந்தோம்.

ஊர் திரும்பியபின் பெருநாள் கழிந்து ஷவ்வாலில் மதரஸா திறந்தது. ஒரு நாள் பாடம் முடிந்ததும் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து, அதன் பக்கத்தில் 21 புள்ளிகள் இட்டு, பெயர்களை எழுதினேன். கடலையே காணாத கரிசல் பிள்ளைகள் அவற்றை உரக்கப் படித்தார்கள். நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்றபோது சிரித்தார்கள். தங்கள் தெருக் கிணறுகள் நினைவுக்கு வந்திருக்கும். விலாங்குச்சல்லியையும் பூவரசன்பட்டியையும் வட்டமிட்டு, இவை இப்போது நீருக்குள் இருக்கின்றன என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. ஒரு சிறுமி எழுந்து, "அப்படின்னா பேரை அழிச்சிரணுமா ஹஜரத்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த இரண்டு பெயர்களையும் எல்லாரும் தம் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சகோதர சகோதரிகளே! உங்கள் ஊர் கடலோரமாக இருக்கலாம், எங்களைப்போல் கரிசலாக இருக்கலாம், ஆற்றங்கரையாக இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் சில இருக்கும்: ஒரு குளத்தின் பெயர், ஓர் ஓடையின் பெயர், ஒரு காற்றின் பெயர், இப்போது இல்லாத ஒரு தோப்பின் பெயர். அவர்கள் மெதுவாக நடந்து, காத்திருந்து, பார்த்து வைத்த பெயர்கள் அவை. விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் அருகே உட்கார வையுங்கள். கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த பொருளை அழிக்க மனிதனுக்குக் கை கூசும். பெயர் தெரியாத பொருள் அவனுக்கு வெறும் கல்லாகவும் வெறும் மண்ணாகவும்தான் தெரியும்.

இயன்றவர்கள் ஒருமுறை அந்தக் கடலுக்கும் சென்று வாருங்கள். தீவில் இறங்க வேண்டாம். கல்லோ சிப்பியோ எடுத்து வர வேண்டாம். பாய் உள்ள வள்ளம் கிடைத்தால் அதில் ஏறுங்கள். நடுவழியில் காற்று விழுந்தால் கவலைப்படாதீர்கள். இன்ஷா அல்லாஹ், அது வரும்.